சராசரி இந்தியர் எந்தத் தெருவில் குடியிருக்கிறார்?

எண்ணெய் பற்றி முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன் என்று ஊரில் சொன்னால், "நம்ம ஊர்லயே எண்ணெய்க் கெணறு கெடக்கே, அத விட்டுட்டு எங்க போய்த் தேடுத?" என்று கேலி செய்வார்கள். நாங்குநேரி வானமாமலைப் பெருமாள் கோயிலில் எண்ணெய்க் கிணறு ஒன்று உண்டு. பெருமாளுக்கு நாள்தோறும் சாத்துகிற எண்ணெய் அந்தக் கிணற்றில் சேர்கிறது. அது நோய் தீர்க்கும் என்று நம்பி வெளியூர்களிலிருந்து வந்து வாங்கிப் போகிறார்கள். என் தாத்தா அந்தக் கோயிலுக்குக் கூப்பிடு தூரத்தில் பிறந்தவர். 1947-இல் ஆலய நுழைவுச் சட்டம் வரும்வரை, அந்தக் கிணறு சவூதி அரேபியாவில் இருந்தாலும் அவருக்கு ஒன்றுதான்.

நான் எழுதப்போவது நிஜமாகவே சவூதி அரேபியாவில் இருக்கிற எண்ணெயைப் பற்றி. அங்கே உற்பத்தி குறையும், கூடும் என்று ஒரு செய்தி வந்தால் அதன் விளைவைப் பொருளியல் அறிஞர்கள் எப்படி அளக்கிறார்கள், அளக்கும்போது யாரை விட்டுவிடுகிறார்கள் என்பதுதான் பேச்சு.

2025 ஜூன் 13 அன்று இசுரேல் ஈரான் மீது குண்டு வீசியது. ஒரே நாளில் பிரெண்ட் கச்சா எண்ணெய் விலை 7 விழுக்காடு ஏறியது. அன்றிரவு அம்மா போனில் கேட்டாள்: "ஏ ஐயா, சண்டையாம்லா, கேஸு வெல கூடுமா?" நான் ஏதோ சொல்லி வைத்தேன். ஜூன் 24-இல் போர்நிறுத்தம் வந்தது. கச்சா எண்ணெய் விலை சண்டைக்கு முன்பு இருந்ததற்கும் கீழே போனது. அம்மா மறுபடியும் கேட்டாள்: "அப்பம் கொறைப்பானா?"

முதல் கேள்விக்கு விடை சொல்ல என் துறையில் ஒரு நூலகமே இருக்கிறது. இரண்டாவது கேள்விக்கு விடை சொல்ல வேண்டுமென்றால் டெல்லியைப் பற்றிப் பேச வேண்டும், சாதியைப் பற்றிப் பேச வேண்டும். அங்கேதான் என் துறை நழுவிக்கொள்கிறது.

செய்தியை அளப்பது எப்படி?

எண்ணெய் விலை ஏறினால் பொருளாதாரம் அடிவாங்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் எவ்வளவு அடி என்று அளப்பது எளிதல்ல. ஏனென்றால் பொருளாதாரம் நன்றாக ஓடும்போதும் எண்ணெய் விலை ஏறும். ஆலைகள் கூடுதலாக ஓடினால், லாரிகள் கூடுதலாக ஓடினால் எண்ணெய்க்குக் கிராக்கி கூடும். அப்போது எது காரணம், எது விளைவு?

1983-இல் ஜேம்ஸ் ஹாமில்டன் என்ற பொருளியலாளர், இரண்டாம் உலகப் போருக்குப் பின் அமெரிக்காவில் அதுவரை வந்த பொருளாதாரச் சரிவுகளில் ஒன்றைத் தவிர எல்லாவற்றுக்கும் முன்னால் எண்ணெய் விலை ஏறியிருந்ததைக் காட்டினார். 2009-இல் லுட்ஸ் கிலியன், எல்லா விலையேற்றமும் ஒன்றல்ல என்றார். எண்ணெய் வரத்துக் குறைந்து ஏறுகிற விலை வேறு. உலகம் முழுக்கத் தேவை கூடி ஏறுகிற விலை வேறு. நாளைக்குக் கிடைக்காமல் போய்விடுமோ என்ற அச்சத்தில் ஏறுகிற விலை வேறு. ஒவ்வொன்றின் பின்விளைவும் வேறு.

2021-இல் டியேகோ கேன்சிக், 'அமெரிக்கன் எகனாமிக் ரிவ்யூ' இதழில் இன்னொரு வழியைக் காட்டினார். பெட்ரோலிய ஏற்றுமதி நாடுகளின் கூட்டமைப்பான ஒபெக், உற்பத்தி பற்றி முடிவை அறிவிக்கிற நாட்களை மட்டும் அவர் எடுத்துக்கொண்டார். அறிவிப்புக்கு முந்தைய நாளுக்கும் அறிவிப்பு நாளுக்கும் இடையில் முன்பேரச் சந்தையில் எண்ணெய் விலை எவ்வளவு மாறியது என்று பார்த்தார். உலகப் பொருளாதாரம் ஒரே நாளில் தலைகீழாகிவிடாது. சந்தை முன்கூட்டியே எதிர்பார்த்த சேதி முன்கூட்டியே விலையில் ஏறியிருக்கும். ஆகவே அந்த ஒரு நாளில் விலை அசைந்தால், எதிர்பாராத செய்திதான் அதை அசைத்திருக்கிறது. 1983 முதல் 2017 வரையிலான அறிவிப்புகளை இப்படி எடுத்துக்கொண்டு, அதற்குப் பின் வந்த மாதங்களில் என்னென்ன மாறியது என்று கணக்கிட்டார்.

கிடைத்த விடை இது. வரத்துக் குறையும் என்ற செய்தி வந்த உடனே விலை ஏறிவிடுகிறது. உண்மையான உற்பத்தியோ மெல்ல மெல்லத்தான் குறைகிறது. நாளைக்கு விலை ஏறும் என்று எல்லோரும் வாங்கிச் சேர்ப்பதால் இடையில் இருப்பு கூடுகிறது. பிறகு தொழில் உற்பத்தி இறங்குகிறது, விலைவாசி ஏறுகிறது, இன்னும் ஏறும் என்ற எதிர்பார்ப்பும் ஏறுகிறது.

தாமிரபரணிக் கரையில் பிறந்த யாருக்கும் இதை விளக்க ஒபெக் தேவையில்லை. கார் சாகுபடிக்குப் பாபநாசம் அணையைத் திறக்கப் போகிறார்கள் என்று செய்தி வந்தாலே போதும். கால்வாயில் தண்ணீர் வருமுன்பே விதைநெல் விலை, டிராக்டர் வாடகை, குத்தகைப் பேச்சு எல்லாம் மாறிவிடும். தண்ணீருக்கு மட்டுமல்ல, தண்ணீர் வரும் என்ற சேதிக்கும் விலை உண்டு.

கேன்சிக்கின் வழிமுறை எனக்குப் பிடித்தது. என் ஆய்விலும் அதைத்தான் பயன்படுத்துகிறேன். ஆகவே இது கணக்கியலுக்கு எதிரான கட்டுரை அல்ல. செய்தியை இவ்வளவு நுணுக்கமாகப் பிரித்தெடுக்கிறவர்கள், அந்தச் செய்தி யார் தலையில் விடிகிறது என்பதை மட்டும் 'பொருளாதாரம்' என்ற ஒரே மூட்டையில் கட்டிவிடுவதுதான் என் சிக்கல்.

ஏறினால் உலகச் சந்தை, இறங்கினால் கலால் வரி

இந்த அளவுகோலை இந்தியாவுக்குக் கொண்டு வந்தால் முதல் இடறல் டெல்லியில் வருகிறது.

2025 ஏப்ரல் 3 அன்று ஒபெக் கூட்டணியின் எட்டு நாடுகள், மே மாதத்தில் நாளொன்றுக்கு 4,11,000 பீப்பாய் கூடுதலாக உற்பத்தி செய்யப் போவதாக அறிவித்தன. அதற்கு முந்தைய நாள்தான் டிரம்ப் உலக நாடுகள் மீது சுங்க வரிகளை அறிவித்திருந்தார். கச்சா எண்ணெய் விலை சரிந்தது. அதில் ஒபெக் செய்தியின் பங்கு எவ்வளவு, டிரம்ப் செய்தியின் பங்கு எவ்வளவு என்று பிரிப்பது கடினம். இரண்டு பெரிய செய்திகள் ஒட்டி ஒட்டி வந்தால் கேன்சிக்கின் தராசும் தடுமாறும். ஆய்வாளர்கள் இதைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுவார்கள்.

இந்தியாவில் அந்தப் பிரச்சினையே எழவில்லை. விலை சரிந்த அந்த வாரத்திலேயே, ஏப்ரல் 7 அன்று, ஒன்றிய அரசு பெட்ரோல், டீசல் மீதான கலால் வரியை லிட்டருக்கு 2 ரூபாய் கூட்டியது. பங்கில் விலை மாறவில்லை. மக்களுக்குக் குறைந்திருக்க வேண்டிய 2 ரூபாய் கருவூலத்துக்குப் போனது. அதே நாளில் சமையல் எரிவாயு சிலிண்டர் விலையை 50 ரூபாய் ஏற்றினார்கள், உஜ்வாலா இணைப்பு வைத்திருக்கிற ஏழைகளுக்கும் சேர்த்து. எண்ணெய் நிறுவனங்களுக்கு எரிவாயுவில் வந்த நட்டத்தை ஈடுகட்ட என்றார்கள். நிறுவனத்தின் நட்டத்தைக் கணக்குப் பார்த்து ஈடுகட்டத் தெரிகிறது. கூலிக்காரியின் நட்டத்துக்கு அப்படி ஒரு கணக்கு இல்லை.

இது ஒருமுறை நடந்த விபத்தல்ல. 2014 நடுவில் பீப்பாய் 110 டாலருக்கு மேல் இருந்த எண்ணெய் 2016 ஜனவரியில் 30 டாலருக்கும் கீழே போனது. 2014-இல் பெட்ரோலுக்கு 9.48 ரூபாய், டீசலுக்கு 3.56 ரூபாய் இருந்த கலால் வரியை அந்தக் காலத்தில் படிப்படியாக ஏற்றினார்கள். 2020-இல் கொரோனா ஊரடங்கு. உலகமே எண்ணெய் வாங்காமல் நின்றது. ஏப்ரல் 20 அன்று அமெரிக்க எண்ணெயின் முன்பேர விலை பூச்சியத்துக்கும் கீழே போனது. நம் தொழிலாளர்கள் நெடுஞ்சாலைகளில் நடந்து ஊர் திரும்பிக்கொண்டிருந்த அந்த மே மாதத்தில், ஒரே இரவில் பெட்ரோலுக்கு 10 ரூபாயும் டீசலுக்கு 13 ரூபாயும் வரி கூட்டப்பட்டது. பெட்ரோல் வரி 32.98, டீசல் வரி 31.83 ஆனது. பின்னர் 2021 நவம்பரிலும் 2022 மேயிலும் குறைத்தார்கள். அப்படியும் 2014 அளவுக்கு வரவில்லை.

தேர்தல் என்றால் செய்தி வாசலிலேயே நிற்கும். 2017 ஜூன் முதல் எரிபொருள் விலை நாள்தோறும் சந்தைப்படி மாறும் என்று சொன்னார்கள். ஆனால் உத்தரப்பிரதேசம் உள்ளிட்ட ஐந்து மாநிலத் தேர்தல் காலத்தில், 2021 நவம்பர் முதல் 2022 மார்ச் 21 வரை, விலை அசையவில்லை. இடையில் உக்ரைன் போர் வந்து பீப்பாய் 130 டாலரைத் தாண்டியது, அப்போதும் அசையவில்லை. மார்ச் 10 வாக்கு எண்ணி முடித்தார்கள். மார்ச் 22-இல் ஏறத் தொடங்கியது. ஏப்ரல் 6-க்குள் லிட்டருக்கு 10 ரூபாய்.

இந்தப் புள்ளிவிவரங்களைக் கணினியில் போட்டால் என்ன விடை வரும் தெரியுமா? 'உலக எண்ணெய் விலைச் செய்தி இந்தியச் சில்லறை விலைக்குக் கடத்தப்படுவது பலவீனமாக உள்ளது' என்று வரும். கேட்பதற்கு நல்ல செய்தி மாதிரி இருக்கும். உண்மை என்னவென்றால், மேலே போகிற செய்தி தாமதமாகவேனும் ஊர் வந்து சேர்கிறது. கீழே இறங்குகிற செய்தி பாதிக்கு மேல் டெல்லியில் இறங்கிக்கொள்கிறது. இரண்டையும் கூட்டிச் சராசரி எடுத்தால் கொள்ளை கண்ணுக்குத் தெரியாது.

நாள்கூலியில் அளந்து பார்ப்போம்

டாலரில் அளந்தால் புரியாது. விழுக்காட்டிலும் புரியாது. அம்மாவின் நாள்கூலியில் அளந்து பார்க்கிறேன்.

2020 நவம்பரில் சென்னை விலைப்படி ஒரு சிலிண்டர் 610 ரூபாய். அந்த நிதியாண்டில் தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்கு அறிவிக்கப்பட்ட நாள்கூலி 256 ரூபாய். சிலிண்டர் வாங்க இரண்டரை நாள் கூலி போதும். 2022 ஜூலையில் சிலிண்டர் 1,068 ரூபாய் 50 காசு. நாள்கூலி 281. இப்போது நான்கு நாள் கூலிக்குக் கொஞ்சம்தான் குறைவு. கூலி 25 ரூபாய் ஏறியபோது சிலிண்டர் 458 ரூபாய் 50 காசு ஏறியது. வங்கிக் கணக்குக்கு வந்துகொண்டிருந்த எரிவாயு மானியம் 2020 மே மாதத்தோடு நின்றுபோனது. உஜ்வாலாக் குடும்பங்களுக்கு மட்டும் 2022 மேயில் 200 ரூபாய் என்று திரும்பி வந்தது. பின்னர் 2023 ஆகஸ்டில் 200 ரூபாய், 2024 மார்ச்சில் 100 ரூபாய் விலை குறைத்தார்கள். மக்களவைத் தேர்தல் வந்திருந்தது.

இதிலும் அறிவிக்கப்பட்ட கூலி வேறு, கையில் வருகிற கூலி வேறு. அம்மா வெட்டுகிற குழியை நீளம், அகலம், ஆழம் என்று டேப் பிடித்து அளக்கிறார்கள். அளவு குறைந்தால் கூலி குறைகிறது. அவள் வெட்டிய குழியை அளக்க அரசாங்கத்திடம் டேப் இருக்கிறது. எண்ணெய் விலை அவள் கூலியில் வெட்டிய குழியை அளக்க மட்டும் டேப் இல்லையா?

ஒரு டேப் இருக்கிறது. அதைப் பற்றியும் சொல்ல வேண்டும். நூறு நாள் வேலைக் கூலியை ஆண்டுதோறும் உயர்த்திவந்தது விவசாயத் தொழிலாளர் விலைக் குறியீட்டு எண்ணை வைத்து. அண்மைக்காலம் வரை அதன் அடிப்படை ஆண்டு 1986-87. ஒரு கூலிக் குடும்பம் எதற்கு எவ்வளவு செலவழிக்கிறது என்ற கணக்கு, 1983-இல் எடுத்த நுகர்வுக் கணக்கெடுப்பு. நான் பிறப்பதற்குப் பத்தாண்டு முன்பு எங்கள் வீடுகளில் என்ன வாங்கினார்களோ அதை வைத்து, நாற்பதாண்டு கழித்து என் அம்மாவின் கூலியைத் தீர்மானித்திருக்கிறார்கள். அன்று எங்கள் தெருவில் கேஸ் அடுப்பு கிடையாது, செல்போன் கிடையாது, வேலைக்குப் போக ஷேர் ஆட்டோ கிடையாது.

ஏணியின் கடைசிப் படி

இனி ஊருக்கு வருவோம். டீசல் விலை ஏறியது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அறுவடை இயந்திரம் வைத்திருப்பவர் மணிக்கணக்கு வாடகையை ஏற்றுகிறார். டிராக்டர்காரர் உழவுக் கூலியை ஏற்றுகிறார். களக்காட்டு வாழைத்தாரை ஏற்றிப் போகிற லாரிக்காரர் வாடகையை ஏற்றுகிறார். வியாபாரி அந்த வாடகையைத் தாரின் விலையில் கழிக்கிறார். நிலக்காரர் தார் விலையில் இழந்ததைக் கூலியில் கழிக்கிறார். "டீசல் வெல தெரியும்லா, இந்தத் தடவையும் பழைய கூலிதான்" என்பார். அல்லது எட்டு ஆள் செய்கிற வேலைக்கு ஐந்து ஆளைக் கூப்பிடுவார். பலசரக்குக் கடைக்காரர் பருப்பிலும் எண்ணெயிலும் கூட்டிக்கொள்கிறார். எல்லோரும் தனக்கு வந்த சுமையைக் கீழே இருப்பவருக்குத் தள்ளிவிட்டார்கள். அம்மா யாரிடம் தள்ளுவாள்? அவள் தன் வயிற்றில் கழிக்கிறாள்.

லாரி, டிராக்டர், அறுவடை இயந்திரம், நிலம், கடை இவையெல்லாம் எந்தெந்தச் சாதியிடம் இருக்கின்றன என்று எங்கள் வட்டாரத்தில் ஒரு சிறுபிள்ளையைக் கேட்டாலும் சொல்லும். நாடு முழுக்கவும் இதுதான் கதை. 2011 கணக்கெடுப்பின்படி பட்டியல் சாதி மக்கள் 16.6 விழுக்காடு. 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி அவர்கள் கையில் இருக்கிற சாகுபடி நிலம் 9 விழுக்காட்டுக்கும் குறைவு. சாதி என்பது படிநிலை ஏற்றத்தாழ்வு என்று புரட்சியாளர் அம்பேத்கர் விளக்கினார். ஒவ்வொரு படியில் இருப்பவனுக்கும் மிதிக்க ஒரு கீழ்ப்படி உண்டு, கடைசிப் படியைத் தவிர. எண்ணெய் விலை அந்தப் படிகளின் வழியாகத்தான் இறங்குகிறது. தண்ணீர் கடைமடைக்குக் கடைசியில்தான் வரும். விலையேற்றம் மட்டும் எந்த மடையிலும் தேங்காமல் நேராகக் கடைமடைக்கு வந்துவிடும்.

'கூலியை உயர்த்திக் கேட்க வேண்டியதுதானே?' என்று பாடநூல் கேட்கும். விலைவாசி ஏறினால் தொழிலாளர்கள் கூடுதல் கூலி கேட்பார்கள், அதனால் விலைவாசி இன்னும் ஏறும் என்று பணவீக்கப் பாடத்தில் ஓர் அத்தியாயமே இருக்கிறது. அந்தப் பாடத்தை எழுதியவர்களுக்கு நெல்லைச் சீமை தெரியாது. 1999 ஜூலை 23 அன்று மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் கூலிக்காகவும், சிறையில் இருந்தவர்களின் விடுதலைக்காகவும் திருநெல்வேலி ஆட்சியர் அலுவலகம் நோக்கி ஊர்வலம் போனார்கள். காவல்துறையின் தடியடியில் தாமிரபரணிக்குள் விரட்டப்பட்டு 17 பேர் செத்தார்கள், ஒரு கைக்குழந்தை உட்பட.

2023 ஆகஸ்ட் 9 அன்று என் சொந்த நாங்குநேரியில், பன்னிரண்டாம் வகுப்புப் படித்த தலித் மாணவரையும் அவருடைய தங்கையையும் வீடு புகுந்து வெட்டினார்கள். வெட்டியவர்கள் ஆதிக்க சாதியைச் சேர்ந்த பள்ளி மாணவர்கள். தன்னைத் துன்புறுத்துகிறார்கள் என்று பள்ளியில் புகார் சொன்னதுதான் அந்த மாணவர் செய்த குற்றம். அதற்குப் பிறகு நீதியரசர் சந்துரு தலைமையில் குழு அமைத்தார்கள். 2024 ஜூனில் அறிக்கையும் வந்தது. எண்ணெய் விலைக் கட்டுரையில் இது எதற்கு என்று கேட்பவர்களுக்குச் சொல்கிறேன்: வகுப்பறையில் வாய் திறந்த பிள்ளைக்கு அரிவாள் வெட்டு விழுகிற ஊரில், வயலில் வாய் திறந்து கூலி கேட்பதன் விலை என்ன என்று எங்கள் பெண்களுக்குத் தெரியும். கூலிப் பேரம் என்பது சந்தையில் மட்டும் நடப்பதல்ல. அச்சம்தான் அங்கே முதல் தரகர்.

ஆதிக்க சாதியிலும் ஏழைகள் இல்லையா என்று உடனே ஒரு கேள்வி வரும். இருக்கிறார்கள். டீசல் விலை அவர்கள் தட்டிலும் கை வைக்கிறது. ஆனால் அவருக்கு டிராக்டர் வைத்திருக்கிற சித்தப்பா இருக்கிறார், கடன் சொல்லி வாங்க உறவினர் கடை இருக்கிறது. நமக்கு இருப்பது வாரத் தவணைக் குழுக் கடன். அந்த ஏழைக்கும் நாம் சொல்வது ஒன்றுதான்: உன் சுமையை இறக்கி வைக்க உனக்குக் கீழே ஒருவரைக் காட்டுகிறவன்தான் உன்னை ஏழையாகவே வைத்திருக்கிறான்.

'சாதி பேரியல் பொருளியலில் வராது'

இதையெல்லாம் ஓர் அத்தியாயமாக எழுதி ஒரு பல்கலைக்கழகக் கருத்தரங்கில் படித்தேன். ஒரு மூத்த பேராசிரியர் கனிவோடுதான் சொன்னார்: "நல்ல உழைப்பு தம்பி. ஆனா சாதி சமூகவியல். பேரியல் பொருளியல்ல வராது. அந்த அத்தியாயத்த எடுத்துட்டா ஆய்வு சுத்தமா இருக்கும்." சுத்தம் என்ற சொல்லை அவர் யோசித்துச் சொல்லவில்லை என்றே நம்புகிறேன்.

அந்த அத்தியாயத்தை நான் எடுக்கவில்லை. அவருக்கு அன்று சொல்லாமல் விட்ட விடையை இங்கே சொல்கிறேன்.

பண மதிப்பும் விலையும் மாறினால் அதன் இலாபமும் நட்டமும் எல்லோருக்கும் சமமாகப் போவதில்லை என்பது நான் கண்டுபிடித்ததல்ல. 1923-இல் வெளிவந்த 'ரூபாயின் பிரச்சினை' நூலில் அம்பேத்கர் இதை விவாதித்திருக்கிறார். ரூபாயின் மதிப்பு விழுந்தால் நாட்டுக்கே இலாபம் என்று ஏற்றுமதியாளர்கள் சொன்னார்கள். விலைகள் ஏறிய வேகத்தில் கூலி ஏறவில்லை, ஆகவே இது நாட்டின் இலாபமல்ல, உழைப்பவரின் கையிலிருந்து எடுத்து மற்றொரு வகுப்பாருக்குக் கொடுப்பது என்பது அவர் வாதத்தின் சாரம். லண்டனில் பொருளியல் ஆய்வுப் பட்டத்துக்காக எழுதப்பட்ட நூல் அது. பேரியல் பொருளியலில் யாருக்கு என்று கேட்பது நூறாண்டுப் பழைய கேள்வி.

புள்ளிவிவரம் இல்லை என்றும் சொல்ல முடியாது. அரசின் குடும்ப நுகர்வுச் செலவுக் கணக்கெடுப்பு ஒவ்வொரு வீட்டிலும் சமூகப் பிரிவைக் கேட்டு எழுதுகிறது. 2022-23 கணக்கெடுப்பின்படி கிராமப்புறத்தில் ஒருவரின் சராசரி மாதச் செலவு 3,773 ரூபாய். பட்டியல் சாதியினருக்கு 3,474. பழங்குடியினருக்கு 3,016. பட்டியலிலும் பிற்படுத்தப்பட்டோரிலும் வராத 'மற்றவர்'களுக்கு 4,392. இப்படிப்பட்ட நுகர்வுக் கணக்கெடுப்புகளிலிருந்துதான் விலைக் குறியீட்டு எண்ணின் எடைகளையே எடுக்கிறார்கள். எந்தச் சாதிக் குடும்பம் அரிசிக்கு எவ்வளவு, எரிபொருளுக்கு எவ்வளவு, பயணத்துக்கு எவ்வளவு செலவழிக்கிறது என்று அரசுக்குத் தெரியும். தெரிந்த பிறகு எல்லாவற்றையும் கலந்து 'சராசரி இந்தியர்' ஒருவரைச் செய்து, அவருக்குப் பணவீக்கம் எவ்வளவு என்று மாதாமாதம் அறிவிக்கிறார்கள். அந்தச் சராசரி இந்தியரை நான் தேடிப் பார்த்துவிட்டேன். அவர் ஊர்த் தெருவிலும் இல்லை, எங்கள் தெருவிலும் இல்லை.

சாதிவாரியாகப் பிரிப்பது நிர்வாகத்தில் முடியாது என்பார்களா? 2021 மார்ச்சில் ஒன்றிய ஊரக வளர்ச்சி அமைச்சகம், நூறு நாள் வேலைக் கூலியைப் பட்டியல் சாதி, பழங்குடி, மற்றவர் என்று மூன்றாகப் பிரித்துப் போடச் சொன்னது. ஒரே குழியை வெட்டியவர்களுக்கு வெவ்வேறு நாளில் கூலி வந்தது. எதிர்ப்புக் கிளம்பிய பிறகுதான் பின்வாங்கினார்கள். கூலியைத் தாமதிக்கச் சாதிவாரியாகப் பிரிக்க முடிந்தது. விலையேற்றத்தை அளக்க மட்டும் பிரிக்க முடியாதா?

செய்தியைத் தடுக்க முடியும்

ஒபெக் நாடுகள் என்ன முடிவெடுக்கும் என்பது நம் கையில் இல்லை. அந்தச் செய்தி எந்தப் படியில் நிற்கும் என்பது நம் அரசுகளின் கையில் இருக்கிறது. 2021 மே மாதத்திலிருந்து தமிழ்நாட்டில் பெண்களுக்கு நகரப் பேருந்தில் கட்டணம் இல்லை. 2022-இல் இரண்டே வாரத்தில் டீசல் 10 ரூபாய் ஏறியபோதும் அம்மா பேருந்துக்குக் காசு கொடுக்கவில்லை. செய்தி பேருந்துப் படிக்கட்டிலேயே நின்றுவிட்டது. பேருந்து வராத எங்கள் தெருவுக்குள் நுழைகிற ஷேர் ஆட்டோவில் மட்டும் அது ஏறி உட்கார்ந்துகொண்டது. விவசாயப் பம்புசெட்டுக்கு இலவச மின்சாரம் முப்பதாண்டுக்கும் மேலாக இருக்கிறது. நிலம் உள்ளவருக்கு அது ஒரு கவசம். அதைப் பிடுங்கச் சொல்லவில்லை. நிலம் இல்லாதவருக்கு எது கவசம் என்று கேட்கிறேன்.

ஆகவே நாம் கேட்க வேண்டியவை இவை. விலைக் குறியீட்டு எண்ணைச் சமூகப் பிரிவு வாரியாகவும், நிலமற்றோருக்குத் தனியாகவும் வெளியிட வேண்டும். நூறு நாள் வேலைக் கூலியையும் குறைந்தபட்சக் கூலியையும் அந்த எண்ணோடு இணைக்க வேண்டும்; ஆண்டுக்கு ஒருமுறை போதாது. கச்சா எண்ணெய் விலை இறங்கும்போது எவ்வளவு மக்களுக்கு வந்தது, எவ்வளவு வரியாகப் போனது என்று மாதந்தோறும் கணக்குக் காட்ட வேண்டும். அந்த வரியில் ஒரு பங்கைக் கூலிக் குடும்பங்களின் எரிவாயுவுக்கும் பேருந்து இல்லாத தெருக்களுக்கும் ஒதுக்க வேண்டும்.

அரசு அளக்கும்வரை நாம் காத்திருக்க வேண்டியதில்லை. எங்கள் தெருவில் மாலை நேரம் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கிற இடத்தில் ஒரு நோட்டுப் போட்டிருக்கிறோம். ஞாயிறுதோறும் பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் வீடு வீடாகப் போய் எழுதுகிறார்கள்: அந்த வாரம் எத்தனை நாள் வேலை, என்ன கூலி, அரிசி, பருப்பு, எண்ணெய், சிலிண்டர், ஆட்டோ என்ன விலை, எவ்வளவு கடன். ஒபெக் அறிவிப்பு வருகிற நாட்களை ஓரத்தில் சிவப்பு மையில் குறிக்கிறோம். ஒரு தெருவின் நோட்டு ஆய்வாகிவிடாது. நூறு ஊர்களின் கடைசித் தெருக்களில் இப்படி நூறு நோட்டுகள் இருந்தால், எந்தப் பேராசிரியரும் அந்த அத்தியாயத்தை எடுத்துவிடு என்று சொல்ல முடியாது. இதைப் படிக்கிற தோழர்கள் தங்கள் ஊரில் ஒரு நோட்டுப் போடுங்கள்.

முதல் ஞாயிறு பிள்ளைகள் எங்கள் வீட்டுக்கு வந்தபோது அம்மா கேட்டிருக்கிறாள்: "எழுதிட்டுப் போனா கொறைப்பானா?"

குறைக்கமாட்டான். ஆனால் அடுத்தமுறை 'விளைவு பலவீனம்' என்று எவனாவது எழுதினால், அவன் முன்னால் எடுத்து வைக்க நம்மிடம் ஒரு கணக்கு இருக்கும்.